திணையும் கற்பனைப் படமும்

பகடை உருட்டி ஆடும் கதையாட்டமொன்று 1974-இல் அமெரிக்காவில் ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்னும் பெயரில் வெளிவந்தது. ஆட்டத்தை நடத்துபவர் கற்பனை நாட்டைப் படமாக வரைவார்; மற்றையோர் அதனுள் உலவுவர். இவ்வகைப் படைப்புக்குத் தொல்காப்பியர் வகுத்த முறை சாலப் பொருந்தும். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, மரம், பறை, தொழில் முதலியன கருப்பொருள். மலை வரையாத படத்தில் தினைப்புனத்தைக் காட்டினால் ஆடுவோர் நம்பார்.

பாலைதான் சிக்கலானது. காடும் மலையும் வேனில் வெம்மையால் வளங்குன்றிப் பாலையாகும் என்பது சிலப்பதிகாரம். எனவே வேனிலுக்கு வேறு படம் வேண்டும். வெம்மையால் அன்று எனினும், ஆங் மோ கியோவும் திரிந்த நிலமே. ரப்பர்த் தோட்டங்களும் சிற்றூர்களும் இருந்த அந்நிலத்தில் 1973-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் நகர் எழுப்பத் தொடங்கியது. அதனைக் களமாக்குவோர், தாம் வரைவது எந்த ஆண்டின் நிலம் என்று முதலில் முடிவு செய்தல் வேண்டும்.