குளிர்பதனப் போக்குவரத்தில் வெப்பநிலைக் கண்காணிப்பு

குளிர்பதனப் போக்குவரத்தில் வெப்பநிலைக் கண்காணிப்பு என்பது, எளிதில் கெடக்கூடிய உணவுப் பொருட்கள் குளிர்பதன வாகனங்களில் கொண்டுசெல்லப்படும்போது வெப்பநிலையை அளந்து, பதிவுசெய்து, அப்பதிவைப் பேணும் நடைமுறை ஆகும். பால், இறைச்சி, மீன், பனிக்கூழ் முதலியன இவ்வாறு கொண்டுசெல்லப்படுகின்றன.

பதிவின் தேவை

வழியில் வெப்பமேறிய உணவு மீண்டும் குளிர்விக்கப்பட்டால், நேர்ந்தது என்னவென்று பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. மீன் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் மிகுதியாக உள்ளது. மீன் குளிர்ச்சியை இழக்கும்போது சிலவகை பாக்டீரியாக்கள் பெருகி, அதனை ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. அம்மீனை உண்டவருக்கு முகம் சிவத்தல், தலைவலி, அரிப்பு, வாந்தி ஆகியன விரைவில் தோன்றும். இது மீன் ஒவ்வாமை எனத் தவறாகக் கருதப்படுவதும் உண்டு. ஒருமுறை உருவான ஹிஸ்டமின் சமைப்பதாலோ உறையவைப்பதாலோ நீங்குவதில்லை. மீனில் கெட்ட வாடை இல்லாமலும் இருக்கலாம். ஆகவே சேருமிடத்தில் மீன் குளிர்ந்திருந்தது என்பது மட்டும் போதிய சான்றாகாது. வழிநெடுக எடுக்கப்பட்ட பதிவே சான்றாகும்.

அளவிடும் முறை

குளிர்பதன வாகனம் பொருளைக் குளிர்விக்கும் என்பது பரவலான தவறான எண்ணம். ஏற்கெனவே குளிர்ந்த பொருளை அந்நிலையிலேயே வைத்திருப்பதே அதன் பணி. வாகனத்திலுள்ள உணரிகள் பொதுவாகக் காற்றின் வெப்பநிலையையே அளக்கின்றன, உணவின் வெப்பநிலையை அன்று. கதவு திறக்கும்போது காற்று உடனே வெப்பமடையும். உணவு மெதுவாகவே வெப்பமடையும். மாறாக, வெப்பமாக ஏற்றப்பட்ட பெட்டியின் நடுப்பகுதி, காற்றின் அளவீடு சரியாக இருக்கும்போதும் நெடுநேரம் வெப்பமாகவே இருக்கக்கூடும். இதனால் ஏற்றும்போதும் இறக்கும்போதும் பெட்டிகளுக்கு இடையில் வெப்பமானியை வைத்தோ, பொருளினுள் செருகியோ தனியே சோதிப்பது அவசியம். பெட்டிகளைச் சுவரோடு நெருக்கி அடுக்கினால் குளிர்காற்று சுற்றிவர இடமிராது.

விதிகள்

எளிதில் கெடும் உணவுகளின் பன்னாட்டுப் போக்குவரத்துக்கான உடன்படிக்கை (ஏ.டி.பி.) 1970 செப்டம்பர் 1 அன்று ஜெனீவாவில் உருவாக்கப்பட்டு, 1976 இல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி பனிக்கூழ் -20 பாகை செல்சியஸ், உறைந்த மீன் -18, கோழியிறைச்சி 4, கொத்திய இறைச்சி 2 பாகை ஆகியவற்றுக்கு மேற்படக்கூடாது. உறையவைக்காத மீன் உருகும் பனிக்கட்டியின் வெப்பநிலையில் இருத்தல் வேண்டும். உறைந்த உணவுகளுக்கு மட்டும், குளிராக்கியில் படிந்த பனியை உருக்குதல் போன்ற காரணங்களால் குறுகிய நேரத்திற்கு 3 பாகை வரையிலான உயர்வு ஏற்கப்படுகிறது. வாகனப் பெட்டியின் வெப்பக்காப்பும் காலப்போக்கில் குறைவதால், 6 ஆண்டுகளிலும் 9 ஆண்டுகளிலும் அது மீண்டும் சோதிக்கப்படுகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005 ஆம் ஆண்டு விதி, விரைந்து உறையவைக்கப்பட்ட உணவுகளைக் கொண்டுசெல்லும் வாகனங்களில் பதிவுக் கருவி இருக்கவேண்டும் என்றும், தேதியிட்ட பதிவுகளைக் குறைந்தது ஓராண்டு பேணவேண்டும் என்றும் கூறுகிறது. உள்ளூர் விநியோகத்திற்கு மட்டும் விலக்கு உண்டு. எளிதில் கண்ணில் படும் ஒரு வெப்பமானியே அதற்குப் போதும். ஆயினும் கடைக்குக் கடை நின்று கதவு அடிக்கடி திறக்கப்படுவது இக்கட்டத்திலேயே ஆகும்.