சமனில் நின்றால் என்ன செய்வது?

சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடிகிற நேரமும் அமெரிக்காவில் சாயங்கால மேட்ச் முடிகிற நேரமும் ஏறக்குறைய ஒன்று. ஓசூரில் இருந்துகொண்டு அங்குள்ள கல்லூரிகளின் ஐஸ் ஹாக்கி நாக்-அவுட் ஆட்டங்களை நான் விடாமல் பார்க்க முடிவது அதனால்தான். டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் டூல்ரூம் தம்பி என் போனை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்பான்: "இன்னுமா அண்ணே முடியல?"

சமனில் இருக்கிறவரை முடியாது தம்பி. அங்கே கல்லூரிகளின் தேசியப் போட்டிக்கு 16 அணிகள் தேர்வாகும். ஒரு தோல்வி போதும், வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆட்டம் 20 நிமிடமாக மூன்று பகுதி. அப்படியும் சமன் என்றால் ஐஸ் மேல் வண்டி ஓட்டி, தண்ணீர் விட்டு மறுபடி வழவழப்பாக்குவார்கள். பிறகு முழுசாக இன்னொரு 20 நிமிடம். யார் முதலில் கோல் போடுகிறார்களோ அவர்களுக்கு வெற்றி, அந்த நொடியே ஆட்டம் முடிந்தது. கோல் விழவில்லையா, இன்னொரு 20. லீக் ஆட்டங்களில் இவ்வளவு இழுக்க மாட்டார்கள். இது நாக்-அவுட்டுக்கு மட்டும்.

தேசியப் போட்டிக்கு முந்தைய வட்டார பிளே-ஆஃபிலும் இதே முறைதான். அதில் 2015 மார்ச்சில் மாசசூசெட்ஸ் அணியும் நோட்டர் டேம் அணியும் மோதியது ஐந்தாவது கூடுதல் பகுதிவரை போனது. மொத்தம் 151 நிமிட ஆட்டம். நள்ளிரவு தாண்டி 4-3 என்று மாசசூசெட்ஸ் ஜெயித்தது. 2025 ஏப்ரலில் நடந்த தேசியப் போட்டி அரையிறுதியில், முந்தைய ஆண்டு சாம்பியன் டென்வரை வெஸ்டர்ன் மிச்சிகன் இரண்டாவது கூடுதல் பகுதி தொடங்கி அரை நிமிடத்துக்குள் வீழ்த்தியது. கடைசிவரை வந்து கோப்பையையும் முதல் தடவையாகத் தூக்கியது.

"உயிரோட எப்படி ஆடுறாங்க?" என்றான் தம்பி. கோல்கீப்பரோடு சேர்த்து ஐஸில் ஆறு பேர்தான். ஒருத்தர் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்பது அபூர்வம், தடுப்புப் பலகையைத் தாண்டி வெளியே வந்துவிடுவார், அடுத்தவர் உள்ளே குதிப்பார். ஆனாலும் களைப்பு தெரியும். மட்டையை முட்டிமேல் வைத்து அதன்மேல் சாய்ந்து நிற்பார்கள். சறுக்குக் கத்திகள் கீறிக் கீறி ஐஸ் பொடியாகிக் குவியும், பக் என்கிற ரப்பர் வட்டு அதில் தட்டித் துள்ளும். கடைசி கோல் பெரும்பாலும் அழகாக இருக்காது. யாரோ ஒருவர் அரை நொடி தாமதமாகத் திரும்பியதால் விழுந்ததாக இருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

நம் ஹாக்கியில் இதற்கு வேறு வழி. 2025 நவம்பர், டிசம்பரில் சென்னையிலும் மதுரையிலும் ஜூனியர் உலகக் கோப்பை நடந்ததே, 21 வயதுக்குட்பட்டோர், 24 நாடுகள். ராத்திரி இங்கே பஸ் ஏறினால் விடியும்போது சென்னை, அவ்வளவு பக்கத்தில் உலகக் கோப்பை. காலிறுதியில் இந்தியா ஜெயித்துவிட்டது என்று நினைத்திருந்தபோது 59-வது நிமிடத்தில் பெல்ஜியம் 2-2 ஆக்கியது. உடனே ஷூட்-அவுட். 23 மீட்டர் கோட்டில் பந்தோடு ஒருவர், கோல் கோட்டில் கீப்பர். விசில் அடித்ததும் எட்டு நொடிக்குள் கோல் போட வேண்டும். அணிக்கு ஐந்து பேர். கீப்பர் கோலை விட்டு ஓடிவந்து பந்தை ஓரத்துக்குத் தள்ளுவார், எட்டு நொடி கரைந்துவிடும். இந்திய கீப்பர் பிரின்ஸ்தீப் சிங் அன்று அதைத்தான் செய்தார், 4-3. அவருடைய பயிற்சியாளர் ஸ்ரீஜேஷே பெரிய கீப்பர் அல்லவா? இதை அதிர்ஷ்டம் என்று சொன்னால் நான் சண்டைக்கே வருவேன்.

ஆனால் அந்த எட்டு நொடியில் மற்றவர்கள் எல்லாரும் தள்ளி நின்று பார்க்கத்தான் முடியும். ஒரு மணி நேரம் பதினொரு பேர் சேர்ந்து ஆடியதை ஒருவருக்கு ஒருவர் என்று தீர்ப்பது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. அந்தப் போட்டியில் சாம்பியனான ஜெர்மனி, காலிறுதியில் பிரான்ஸோடு 2-2, இறுதியில் ஸ்பெயினோடு 1-1. இரண்டையும் ஷூட்-அவுட்டில்தான் தாண்டியது.

காரணம் இல்லாமலில்லை. நான்கு காலிறுதிகளும் ஒரே நாளில், ஒரே மைதானத்தில். ஒன்று நீண்டால் வரிசையாக எல்லாம் தள்ளிப்போகும். பெரிய மைதானத்தில் ஓடி ஆடுகிற ஆட்டம் இது, ஒரு நாள் விட்டு அரையிறுதியும் காத்திருக்கிறது. முன்பு நம் ஹாக்கியிலும் கூடுதல் நேரமும், முதல் கோலோடு ஆட்டம் முடிகிற தங்க கோலும் இருந்தன, பிறகு எடுத்துவிட்டார்கள்.

இறுதி ஆட்டத்துக்கு மட்டுமாவது, ஒரு பத்து நிமிடமாவது, அந்தக் கூடுதல் நேரத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது என் கட்சி. அதற்குப் பின்னால் வேறு ஆட்டம் கிடையாது, தள்ளிப்போக எதுவும் இல்லை.

"பத்து நிமிசத்துல என்ன ஆயிடும்ணே?" என்று தம்பி இழுத்தான். அந்த இறுதி ஆட்டம் நடந்த அதே டிசம்பர் 10, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் இந்தியா 0-2. 49-வது நிமிடத்தில் அங்கித் பால், 52-ல் மன்மீத் சிங், 57-ல் சாரதா நந்த் திவாரி, 58-ல் அன்மோல் எக்கா. பத்து நிமிடத்துக்குள் நான்கு கோல், 4-2.