பட்டனைத் தட்டியாச்சு... பில் கட்டியாச்சா?

கரண்ட் பில் கட்டுவது என்றால் ஒரு காலத்தில் நமக்கு அரை நாள் வேலை. அவசர அவசரமாகச் சமையலை முடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, வெள்ளை அட்டையையும் பணத்தையும் பர்ஸில் வைத்துக்கொண்டு ஈ.பி. ஆபீஸ் வரிசையில் போய் நிற்போம். நம் முறை வரும்போது "சில்லறை இல்லையாம்மா?" என்று கவுன்ட்டரில் இருப்பவர் அலுத்துக்கொள்வார். கால் கடுத்தாலும் அதில் ஒரு நிம்மதி இருந்தது. ரசீது கைக்கு வந்துவிடும். வீட்டுக்கு வந்து கணக்கு நோட்டில் எழுதினால் அத்தோடு இரண்டு மாசத்துக்கு அந்தக் கவலை இல்லை.

இப்போது வரிசையும் இல்லை, சில்லறைத் தகராறும் இல்லை. அடுப்பில் பால் காய்கிற நேரத்துக்குள் போனைத் தட்டிக் கட்டி முடித்துவிடலாம். பெங்களூரில் இருக்கிற பிள்ளை அங்கிருந்தே, "நான் கட்டிட்டேம்மா" என்கிறான். ரொம்ப சௌகரியம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் எந்தக் கணக்கிலிருந்து போச்சு, எவ்வளவு போச்சு, ரசீது யாரிடம் இருக்கு என்று கேட்டுப் பாருங்கள். இருபது வருஷமாக வீட்டுக் கணக்கு எழுதி வந்த அம்மாவுக்கே பதில் தெரியாது. நோட்டில் அந்த இடம் மட்டும் காலியாக இருக்கும். எனக்கென்னவோ இது சரியாகப் படவில்லை. பணம் எப்படிப் போகிறது, நடுவில் சிக்கிக்கொண்டால் யாரைக் கேட்பது என்பதை வீட்டை நடத்துகிற நாமும் தெரிந்துகொள்வது அவசியம். ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நிதானமாகப் பார்ப்போமா?

நாம் ஆப்பில் 'கட்டு' என்று தட்டியதும் பணம் நேரே மின்வாரியத்தின் பெட்டியில் போய் விழுவதில்லை. நடுவில் சில கைகள் இருக்கின்றன. நம் போனில் இருக்கிற ஆப், அல்லது நம் வங்கி, ஒரு கை. பில் போடுகிற நிறுவனத்துக்காகப் பணத்தை வாங்கித் தருகிற இன்னொரு வங்கியோ கம்பெனியோ மறு கை. இரண்டுக்கும் நடுவில் தபால் ஆபீஸ் மாதிரி ஒரு பொது இடம். அதற்குத்தான் 'பாரத் பில் பேமென்ட்' என்று பெயர். 2024லிருந்து 'பாரத் கனெக்ட்' என்றும் சொல்கிறார்கள். ரிசர்வ் வங்கி 2014 நவம்பரில் இதற்கு விதிகளை வெளியிட்டது. 2016 ஆகஸ்டில் சோதனையாகத் தொடங்கினார்கள். முதலில் இதை நடத்தியது, யு.பி.ஐ.யை நமக்குக் கொடுத்த நேஷனல் பேமென்ட்ஸ் கார்ப்பரேஷன். 2021லிருந்து அதன் துணை நிறுவனம் ஒன்று நடத்துகிறது. கரண்ட், போன், காஸ், தண்ணீர் வரி, இன்ஷூரன்ஸ் என்று எல்லா பில்லும் இந்த ஒரே தபால் ஆபீஸ் வழியாகப் போய்ச் சேரும்படி ஏற்பாடு.

"யாரோ ஒரு ஆப் கம்பெனியிடம் பணத்தைக் கொடுக்கிறோமே, அவன் சுருட்டிக்கொண்டு போய்விட்டால்?" என்று எங்கள் மாமியார் கேட்டார். நியாயமான கேள்விதான். 2007ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. பணப் பட்டுவாடாச் சட்டம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ரிசர்வ் வங்கியின் அனுமதி இல்லாமல் யாரும் இந்தத் தொழிலுக்கே வர முடியாது. வங்கியாக இல்லாத கம்பெனி இந்த பில் வேலைக்கு வரவேண்டுமானால் அதற்குக் குறைந்தது 25 கோடி ரூபாய் நிகர மதிப்பு இருக்கவேண்டும் என்று 2022ல் வைத்தார்கள். அதற்கு முன் 100 கோடியாக இருந்தது. 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புது விதிகளில், அப்படிப்பட்ட கம்பெனி நம் பில் பணத்தைத் தன் சொந்தப் பணத்தோடு கலக்காமல், இதற்கென்றே ஒரு வங்கியில் தனிக் கணக்கில் வைக்கவேண்டும் என்று இருக்கிறது. சீட்டுப் பணத்தையும் மளிகைப் பணத்தையும் நாம் தனித் தனி டப்பாவில் போட்டு வைக்கிறோமே, அதே மாதிரிதான்.

அதே விதிகளில் நமக்கு உபயோகமான இன்னொன்றும் உண்டு. பணம் கட்ட ஆரம்பிக்கிற கட்டத்திலேயே ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடர்பு எண் விழுந்துவிட வேண்டும். அதாவது கட்டி முடிந்தாலும் சரி, பாதியில் நின்றாலும் சரி, அந்த எண் இருக்கும். பழைய ரசீதுக்குப் பதிலாக இப்போது நம் கையில் இருப்பது இதுதான். ஆகவே பச்சை டிக் வந்ததும் போனை மூடிவிடாதீர்கள். கீழே தள்ளிப் பார்த்து அந்த எண்ணை ஒரு படம் பிடித்து வையுங்கள், அல்லது நோட்டில் எழுதிவிடுங்கள். நான் நோட்டுக் கட்சி. போன் தொலையும், உடையும். நோட்டு அலமாரியிலேயே இருக்கும்.

இனி, கட்டுவதற்கு முன்னால் பார்க்கவேண்டியது. இணைப்பு எண்ணைப் போட்டதும் ஆப் மின்வாரியத்தைக் கேட்டு, அந்த எண் யார் பேரில் இருக்கிறது, எவ்வளவு பாக்கி, கடைசித் தேதி எது என்று கொண்டுவந்து காட்டும். நம்மில் பாதிப் பேர் தொகையை மட்டும் பார்த்துவிட்டுத் தட்டிவிடுகிறோம். பெயரைப் பாருங்கள்! ஒரு இலக்கம் மாறினால் முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய பில்லைக் கட்டிவிடுவோம். அதில் வேடிக்கை என்னவென்றால், ஆப்பைப் பொறுத்தவரை அந்தக் காரியம் வெற்றிகரமாக முடிந்தது. தப்பாகப் போனதாகக் கணக்கிலேயே வராது. தானாகத் திரும்பவும் வராது. யாரிடம் போய்க் கேட்பது? வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். பெயர் வீட்டுக்காரருடையதாக இருக்கும், சில வீடுகளில் காலமாகிவிட்ட அவருடைய அப்பா பெயரே இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் குடி போனவுடனேயே வீட்டுக்கார அம்மாளிடம், "ஈ.பி. யார் பேர்ல இருக்குங்க?" என்று கேட்டு, எண்ணையும் பெயரையும் ஒரு சீட்டில் எழுதி மீட்டர் பெட்டிக்குப் பக்கத்திலோ சமையலறை அலமாரிக் கதவிலோ ஒட்டிவிடுங்கள்.

சரி, எல்லாம் சரியாகப் போட்டும் நடுவில் நின்றுபோனால்?

எங்கள் தெருவில் ஒரு பெண், கைக்குழந்தைக்காரி. வீட்டுக்காரர் வெளியூர் வேலைக்காரர். மாசக் கடைசி. கணக்கில் இருந்ததே இரண்டாயிரத்துச் சொச்சம். கரண்ட் பில் 1,860 ரூபாய், மறுநாள் கடைசித் தேதி. ஒரு ஆப்பில் கட்டினாள். வங்கியிலிருந்து பணம் போய்விட்டதாக மெசேஜ் வந்துவிட்டது. ஆப்பில் மட்டும் மஞ்சள் நிறத்தில் கடிகாரம் சுற்றுகிறது. "அக்கா, பணமும் போச்சு, பில்லும் கட்டலைன்னு காட்டுது. நாளைக்கு ஃபீஸைப் பிடுங்கிட்டா குழந்தையை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?" என்று கண் கலங்க வந்து நின்றாள். பயத்தில் அண்ணனிடம் கைமாற்று வாங்கி மறுபடியும் ஒருமுறை கட்டினாள். முதலில் போன பணம் நாலாம் நாள் கணக்கில் திரும்பி வந்தது. ஆனால் அந்த நாலு நாளும் பால்காரருக்கும் மருந்துக்கடைக்கும் பதில் சொல்லி அவள் பட்ட பாடு இருக்கிறதே, அதை யார் ஈடுகட்டுவது?

இதற்கும் விதி இருக்கிறது. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் நாள் கணக்குப் போட்டுக் கொடுத்தது. யு.பி.ஐ. மூலம் கடைக்கோ நிறுவனத்துக்கோ கட்டும்போது நம் கணக்கில் பணம் கழிந்து, அந்தப் பக்கம் வந்து சேர்ந்ததாகத் தகவல் இல்லை என்றால், ஐந்து நாளுக்குள் அது தானாகவே திரும்ப வேண்டும். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் வீதம் வங்கி நமக்கு நஷ்டஈடு தரவேண்டும். நாம் மனு எழுதிப் போட வேண்டியதில்லை, கேட்காமலே தரவேண்டும் என்பதுதான் விதி. ஒரு தனி மனிதருக்கு அனுப்பி நின்றுபோனால் கெடு இன்னும் குறைவு: மறுநாளே திரும்பிவிட வேண்டும். நூறு ரூபாய் என்ன பெரிய பணமா என்று நினைக்காதீர்கள். அப்படி ஒரு தொகை பாக்கி நிற்கிறது என்று தெரிந்து பேசுகிற அம்மாளுக்கும், "ஐயா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்" என்று கெஞ்சுகிற அம்மாளுக்கும் வங்கியில் கிடைக்கிற பதில் வேறு.

ஆகவே மஞ்சள் கடிகாரத்தைப் பார்த்ததும் பதறி இரண்டாம் தடவை தட்டாதீர்கள். சில மணி நேரம் பொறுத்து மின்வாரியத்தின் தளத்திலேயே உங்கள் எண்ணைப் போட்டுப் பாருங்கள். அங்கே கட்டியதாகக் காட்டினால் கவலையே இல்லை. இதற்கெல்லாம் அவகாசம் வேண்டுமானால் கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்னாலேயே கட்டிவிட வேண்டும். பணம் ஐந்து நாள் சிக்கினாலும் விளக்கு அணையாது.

ஐந்து நாளாகியும் வரவில்லையா? எந்த ஆப்பில் கட்டினீர்களோ அதற்குள்ளேயே புகார் எழுதும் இடம் இருக்கும். தொடர்பு எண், தேதி, தொகை மூன்றையும் கொடுத்து எழுதுங்கள். கூடவே வங்கிக்கும் எழுத்தில் சொல்லுங்கள். புகாருக்கு ஒரு எண் தருவார்கள், அதையும் நோட்டில் ஏற்றுங்கள். 30 நாள் ஆகியும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தியாக இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021 நவம்பரிலிருந்து நாடு முழுவதற்கும் ஒரே திட்டமாக ஆக்கிவிட்டார்கள். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். முதலிலேயே அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வங்கியிடம் எழுதிக் கொடுத்தது கையில் இருக்கவேண்டும்.

ஒன்று மட்டும் தயவு செய்து செய்யாதீர்கள். பணம் சிக்கியதும் போனில் 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று தேடி, முதலில் வருகிற நம்பருக்குப் பேசாதீர்கள். மோசடிக்காரர்கள் அந்த இடத்தில்தான் வலை விரித்துக் காத்திருக்கிறார்கள். பணத்தைத் திருப்பி அனுப்புகிறோம், பின் நம்பரைப் போடுங்கள் என்பார்கள். பணம் நமக்கு வருவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. வீட்டுக்கு வெளியே போகிறவர்தான் சாவி போட்டுப் பூட்டுவார். தபால்காரர் மணியார்டர் கொண்டுவந்தால் நம் பெட்டிச் சாவியையா கேட்பார்? 'இன்றிரவு உங்கள் கரண்ட் துண்டிக்கப்படும், உடனே இந்த அதிகாரியைக் கூப்பிடுங்கள்' என்று தனியார் நம்பரிலிருந்து மெசேஜ் வந்தாலும் இதே கதைதான். அப்படி ஏமாந்து பணம் போய்விட்டால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் தடுத்து நிறுத்தப் பார்ப்பார்கள். அங்கே ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். வங்கிக்கும் உடனே சொல்லவேண்டும். 2017ல் ரிசர்வ் வங்கி வகுத்த விதியில், நம் தப்போ வங்கியின் தப்போ இல்லாமல் மூன்றாம் ஆள் செய்த மோசடியை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்துவிட்டால் நஷ்டம் நம்மைச் சேராது என்று இருந்தது. ஓ.டி.பி.யை நாமே சொல்லிவிட்டால் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போவது நம் தலையில். தெரிவித்த பிறகு போவது வங்கியின் தலையில். வீட்டுக்காரர் திட்டுவாரே என்று ஒளித்து வைக்கிற ஒவ்வொரு மணி நேரமும் நமக்குத்தான் நஷ்டம்.

'ஆட்டோ பே' பற்றியும் சொல்லிவிடுகிறேன். இன்ஷூரன்ஸ், சினிமா பார்க்கிற ஆப், பிள்ளையின் ஆன்லைன் பாடம் என்று ஒருமுறை சம்மதம் கொடுத்துவிட்டால் மாசா மாசம் தானாகக் கழியும். 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. கேட்காது, இன்ஷூரன்ஸ் பிரீமியத்துக்கு ஒரு லட்சம் வரை. ஆனால் கழிப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் நமக்குத் தகவல் வரவேண்டும், எப்போது வேண்டுமானாலும் சம்மதத்தை ரத்து செய்யலாம். கரண்ட் பில்லை மட்டும் நான் இதில் விடமாட்டேன். கோடையில் தொகை திடீரென்று ஏறினால் ஏன் ஏறியது, மீட்டர் சரியா, யாராவது ஹீட்டரை அணைக்காமல் விட்டார்களா என்று பார்க்க ஒரு சந்தர்ப்பம் வேண்டாமா?

போனில் பணம் கட்டத் தெரியாத பெரியவர்களும் ஒதுங்க வேண்டியதில்லை. இந்த பில் வசதி உள்ள கடைகளில் ரொக்கமாகவே கட்டலாம். சில இடங்களில் சேவைக் கட்டணம் கேட்பார்கள், எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். பெயர் சரியா என்று திரையைக் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர், "ஏத்தியாச்சு பாட்டி, போங்க" என்று துண்டுச் சீட்டில் பேனாவால் கிறுக்கிக் கொடுத்தால் வாங்காதீர்கள். தொடர்பு எண்ணோடு அச்சிட்ட ரசீது கைக்கு வந்த பிறகு, அல்லது உங்கள் போனுக்கு மெசேஜ் வந்த பிறகுதான் கடைப் படியை விட்டு இறங்க வேண்டும்.