முட்டையின் வயது

கூண்டில் அடைபடாமல் முற்றத்திலும் தோட்டத்திலும் மேய்ந்து திரியும் நாட்டுக்கோழி, முட்டையிட மறைவிடம் தேடும். வைக்கோற்போரின் இடுக்கிலோ வேலியோரப் புதரிலோ அது இட்ட முட்டை, சில வேளைகளில் பல நாள் கழித்தே கண்ணில் படும். அது என்று இடப்பட்டது என எவரும் அறியார். ஆயினும் அதன் வயதை உடைக்காமலே உய்த்துணர வழி உண்டு.

முட்டையின் ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உள்ளன. உள்ளே வளரும் குஞ்சுக்கு இவற்றின் வழியாகவே காற்றுச் செல்கிறது. முட்டையிலுள்ள நீரும் இத்துளைகள் வழியே சிறிது சிறிதாக ஆவியாகும். அவ்விடத்தை நிரப்பக் காற்று உட்புகும். அக்காற்று தங்கும் அகன்ற முனைப்பகுதி காற்றறை எனப்படும். நாள் செல்லச் செல்லக் காற்றறை பெரிதாகும். முட்டையின் எடை குறையும்.

இதனை அறிய ஒரு பாத்திரம் நீர் போதும். புதிய முட்டை நீரில் மூழ்கி அடியில் படுத்துக் கிடக்கும். சில நாள் சென்ற முட்டையின் அகன்ற முனை சற்றே மேலெழும். மேலும் பழைய முட்டை செங்குத்தாக நிற்கும். மிகப் பழையது மிதக்கும். இச்சோதனை வயதைக் காட்டுமேயன்றி, கெட்டதா இல்லையா என்பதை உறுதியாகக் காட்டாது. விரிசல் விழுந்தால் புதிய முட்டையும் கெடக்கூடும். ஆகவே, முட்டையைத் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்த பின்னரே சமையலில் சேர்த்தல் வேண்டும். தீய நாற்றம் வீசினால் எறிந்துவிட வேண்டும்.

ஓட்டின்மேல் கிருமிகளைத் தடுக்கும் மெல்லிய இயற்கைப் பூச்சு ஒன்று உண்டு. கழுவினால் அது நீங்கிவிடும். எனவே, சேமிக்கும் முட்டையைக் கழுவாமல் உலர்ந்த துணியால் துடைத்து, கூரிய முனை கீழே இருக்குமாறு வைப்பது நன்று. முட்டைகள் ஒன்றோடொன்று மோதாதிருக்கக் கிராமங்களில் அவற்றை அரிசியிலும் தவிட்டிலும் புதைத்து வைப்பர்.

சேவலோடு திரியும் கோழியின் முட்டையில் உயிர்க்கரு இருக்கலாம். கடும் வெப்பத்தில் அது வளரத் தொடங்கும். தில்லி, நாக்பூர் போன்ற நகரங்களில் கோடை வெயில் 40 பாகை செல்சியசைக் கடப்பதால், அங்கு முட்டையைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதே தக்கது.

அடைவைத்தும் பொரியாமல் உள்ளே கூழாகிப் போன முட்டையைத் தமிழர் கூழ்முட்டை என்பர். அச்சொல்லே பேச்சுவழக்கில் ‘கூமுட்டை’ என மருவி, அறிவற்றவரை ஏசும் சொல்லாயிற்று.

சொற்பொருள்
உய்த்துணர்தல் – குறிப்புகளைக் கொண்டு ஊகித்து அறிதல்
தவிடு – அரிசியைத் தீட்டும்போது கிடைக்கும் தூள்
அடைவைத்தல் – குஞ்சு பொரிக்கக் கோழியின் அடியில் முட்டை வைத்தல்
மருவுதல் – சொல் வடிவம் திரிந்து வழங்குதல்

வினாக்கள்
1. பழைய முட்டை நீரில் மிதப்பது ஏன்?
2. சேமிக்கும் முட்டையைக் கழுவலாகாது என்பதற்குக் காரணம் யாது?
3. உங்கள் வீட்டிலுள்ள முட்டை ஒன்றை நீரில் இட்டு, அதன் நிலையை ஐந்து வரிகளில் எழுதுக.