அப்பாவுக்கு ஒரு திருநாள்

ஜூன் மாதத்தின் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையைத் தந்தையர் தினமென்று கொண்டாடும் வழக்கம் நம் ஊர்களிலும் பரவி வருகிறது. "அப்பாவுக்கென்று தனியாக ஒரு நாள் வேறு வேண்டுமா? வருஷம் முழுவதும் அவர் இந்த வீட்டில்தானே இருக்கிறார்!" என்று கேட்கும் பாட்டிமார் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் எப்போதும் கண்ணெதிரே இருப்பதைத்தான் நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. கூடத்துக் கடிகாரத்தை நாளைக்குப் பத்துத் தடவை பார்க்கிறோம். அதன் முட்கள் என்ன நிறம் என்று யாராவது கேட்டால் விழிக்கிறோம். பல வீடுகளில் தகப்பனாரின் நிலைமையும் ஏறக்குறைய இதுவே.

நாம் நெடுங்காலமாக உபாத்திமைத் தொழிலில் இருப்பவர்கள். வகுப்பில் 'எங்கள் வீட்டு நாய்' என்று கட்டுரை எழுதச் சொன்னால், பிள்ளைகள் இரண்டு பக்கம் எழுதிவிட்டு இன்னும் காகிதம் கேட்பார்கள். 'என் தகப்பனார்' என்று தலைப்புக் கொடுத்தாலோ, "என் தகப்பனார் மிகவும் நல்லவர். அவர் தினந்தோறும் வேலைக்குப் போகிறார். எனக்கு வேண்டியதெல்லாம் வாங்கித் தருகிறார்" என்ற மூன்று வாக்கியங்களோடு பேனா நின்றுவிடும். இது அன்புக் குறைவன்று. ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் ஓதிய பிள்ளைகளுக்குத் தகப்பனாரை மதிக்கத் தெரியும். ஆனால் மதிப்பது வேறு, அறிந்துகொள்வது வேறு. சிறு வயதில் அவர் எந்த மரத்திலிருந்து விழுந்தார், எந்த உபாத்தியாயரைக் கண்டு நடுங்கினார், என்ன உத்தியோகம் பார்க்க ஆசைப்பட்டார் என்பதெல்லாம் பிள்ளைகளுக்குத் தெரியாது. அவர்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

இந்தத் தினம் பிறந்த கதை தெரிந்துகொள்ளத் தக்கது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாகாணத்து ஸ்போகேன் நகரில் சொனோரா ஸ்மார்ட் டாட் என்ற பெண்மணி இருந்தார். 1898-ல் அவருடைய தாயார் பிரசவத்தில் காலமானபோது சொனோராவுக்கு வயது 16. அவருக்குப் பின்னால் ஐந்து தம்பிமார். தகப்பனார் வில்லியம் ஜாக்ஸன் ஸ்மார்ட், அமெரிக்க உள்நாட்டுப் போரில் பங்கெடுத்துவிட்டுப் பின்னர் விவசாயம் செய்தவர். அவர் தாயும் தந்தையுமாக இருந்து அத்தனை பேரையும் வளர்த்தார். 1909-ல் மாதா கோயிலில் அன்னையர் தினப் பிரசங்கத்தைக் கேட்ட சொனோரா, தந்தைக்கும் அப்படியொரு நாள் வேண்டுமென்று எண்ணினார். தகப்பனார் பிறந்த ஜூன் 5-ஆம் தேதியையே அவர் விரும்பினார். ஆனால் பாதிரிமாருக்குப் பிரசங்கம் தயாரிக்க அவகாசம் போதவில்லை. ஆகவே 1910 ஜூன் 19-ஆம் தேதி, மூன்றாவது ஞாயிறன்று, முதல் விழா நடந்தது. 1930-களில் நியூயார்க் நகரத்து ஆண்கள் உடை வியாபாரிகள் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். வருஷம் ஒரு டை வாங்கிக் கொடுப்பதே பிதுர்பக்தி என்று ஆகிவிட்டது! அமெரிக்க அரசாங்கம் இதைச் சட்டபூர்வமாக நிரந்தரத் தினமாக்கியது 1972-ல்தான்.

"இது மேல்நாட்டுச் சரக்கு" என்று தள்ளுகிறவர்கள் நம் அண்டை நாடான நேபாளத்தைப் பார்க்கலாம். அங்கே பாத்ர மாதத்து அமாவாசைக்குத் 'தகப்பனார் முகம் பார்க்கும் நாள்' என்றே பெயர். பிள்ளைகள் தித்திப்புப் பண்டங்களோடு தகப்பனார் முன் நின்று, அவர் முகத்தைப் பார்த்து ஆசி பெறுகிறார்கள். தகப்பனாரை இழந்தவர்கள் காட்மாண்டுவுக்கு அருகில் பாக்மதி நதிக்கரையிலுள்ள கோகர்ணேசுவரர் கோயிலுக்குப் போய்ச் சிரார்த்தம் செய்கிறார்கள். முகம் பார்ப்பது என்ற அந்தப் பெயரே நமக்கு வழிகாட்டுகிறது.

இனிக் குழந்தைகளோடு பேசுவோம்.

குழந்தைகளே! இந்த விழாவுக்கு மூன்று விதிகள் உண்டு. எல்லோரும் சேர்ந்தே செய்யவேண்டும் என்பது முதல் விதி. அக்கா தனியாக ஒரு வாழ்த்து அட்டை, தம்பி தனியாக ஒரு வாழ்த்து அட்டை என்று நீட்டினால், எது அழகு என்ற வழக்கு அப்பாவிடமே விசாரணைக்கு வரும். அம்மாவுக்குப் புதிதாக வேலை வைக்கக் கூடாது என்பது இரண்டாவது விதி. கடைக்குப் போய்ப் பரிசு வாங்கக் கூடாது என்பது மூன்றாவது. ஒரு வாரத்துக்கு முன்பே மொட்டை மாடியில் இரகசியக் கூட்டம் கூட்டி வேலையைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள்.

முதலாவதாக, ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்துங்கள். அதற்கு ஒரே இதழ், ஒரே பிரதி, ஒரே சந்தாதாரர்! கையெழுத்து நன்றாயிருப்பவர் ஆசிரியர். படம் போடத் தெரிந்தவர் சித்திரக்காரர். கூச்சமில்லாமல் கேள்வி கேட்கும் கடைக்குட்டியே நிருபர். நிருபர் முதலில் பாட்டியிடம் போகட்டும். "அப்பா செய்த பெரிய விஷமம் எது?" என்று கேட்டால் தலையங்கத்துக்கு விஷயம் கிடைத்துவிடும். பிறகு அத்தை, சித்தப்பா, அப்பாவின் பழைய சிநேகிதர் ஆகியோரிடம் ஒவ்வொரு கதை வாங்குங்கள். விளம்பரப் பக்கமும் வேண்டும்: "காணவில்லை: அப்பாவின் மூக்குக் கண்ணாடி. கடைசியாகப் பார்த்த இடம்: அவருடைய நெற்றி." பின் அட்டையை மட்டும் வெறுமையாக விட்டு, அதில் அப்பாவையே நாலு வரி எழுதச் சொல்லுங்கள்.

இரண்டாவதாக, அன்று மாலை அப்பாவை உபாத்தியாயராக்குங்கள். பாடம், பம்பரம். சாட்டையை எப்படிச் சுற்றுவது, எப்படி வீசுவது, சுழலும் பம்பரத்தைக் கையில் எப்படி ஏந்துவது என்று அவர் சொல்லிக் கொடுக்கட்டும். கிட்டிப்புள், கோலி, காற்றாடி ஆகியவற்றில் அவருக்கு எது கைவந்ததோ அதையும் கற்றுக்கொள்ளலாம். கிட்டிப்புள் ஆடுவதானால் திறந்த மைதானத்தில் தள்ளி நின்று ஆடுங்கள். புள் பறந்து வந்து கண்ணில் பட்டால் ஆபத்து. கணக்கில் தப்புக் கண்டுபிடிக்கும் அப்பாவை மட்டும் பார்த்திருக்கும் பிள்ளைகள், பம்பரத்தோடு குதிக்கும் அப்பாவைக் கண்டு அதிசயிப்பார்கள்.

மூன்றாவதாக, விருந்து. அடுப்பு மூட்டாமல் பானகம் தயாரிக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் 150 கிராம் வெல்லத்தைப் பொடித்துக் கரைத்து வடிகட்டுங்கள். ஓர் எலுமிச்சம்பழத்தின் சாறு, அரைத் தேக்கரண்டி சுக்குப் பொடி, இரண்டு ஏலக்காய்ப் பொடி இவற்றைக் கலந்தால் நாலைந்து பேருக்குப் போதும். பானகம் அருந்தும்போது பத்திரிகையை ஒருவர் உரக்க வாசிக்க வேண்டும். பாத்திரங்களைக் கழுவி வைப்பதும் உங்கள் பொறுப்பே. அதுவரையில் விழா முடிந்ததாகக் கணக்கில்லை.

தகப்பனார் வெளிநாட்டில் வேலை செய்யும் வீடுகள் நம்மிடையே பல. அந்த வீட்டு நிருபர்கள் தொலைபேசியில் பேட்டி காணலாம். இதழைத் தபாலில் அனுப்பலாம். தகப்பனாரை இழந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கே இந்தப் பத்திரிகை எல்லோரையும்விட அதிகம் தேவை. அவரை அறிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அம்மாவுக்குப் பேச முடியாமற் போனால், அன்று விட்டுவிட்டு மற்றொரு நாள் கேளுங்கள்.

கடைசியாக, தகப்பன்மாருக்கு ஒரு வார்த்தை. நிருபர் பென்ஸிலோடு வந்து நிற்கும்போது, "அதெல்லாம் இப்போது எதற்கு?" என்று சொல்லிவிடாதீர்கள். பரீட்சையில் தேறிய கதையோடு தவறிய கதையையும் சொல்லுங்கள். ராத்திரியில் இருட்டுக்குப் பயந்ததைச் சொல்லுங்கள். உங்கள் தகப்பனாரிடம் கேட்க நினைத்துக் கேட்காமலே போன கேள்வி ஒன்றிரண்டு உங்களுக்கும் இருக்கலாம். அந்தக் குறை உங்கள் பிள்ளைகளுக்கு வராமலிருக்கட்டும். நிருபரின் பென்ஸில் முனை ஒடிந்தால், அதைச் சீவிக் கொடுத்துவிட்டு மேலே சொல்லுங்கள்.