கோயில் கூரையில் ஒரு துரை

ஈப்போவிலிருந்து பத்து காஜா பக்கம் போகிறவர்கள் கெல்லி கோட்டையைப் பார்க்காமல் திரும்புவதில்லை. கட்டி முடிக்கப்படாத அந்த மாளிகையில் பேய் உலவுவதாகச் சொல்லும் கதைகளைக் கேட்கவே பலர் வருகிறார்கள். சற்றுத் தள்ளி ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. என்னைக் கேட்டால் அவசியம் பார்க்க வேண்டியது அதைத்தான். கூரைமேல் தெய்வச் சிலைகளோடு கோட்டும் தொப்பியுமாக ஒரு வெள்ளைக்காரரும் நிற்கிறார். அவர் வில்லியம் கெல்லி ஸ்மித், கிந்தா கெல்லாஸ் ரப்பர் தோட்டத்தின் துரை.

1915இல் ஸ்மித் அந்த மாளிகை வேலையைத் தொடங்கினார். அதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து கைவினைஞர்கள் வந்தார்கள். சில ஆண்டுகளில், உலகையே உலுக்கிய விஷக்காய்ச்சல் அவர்கள் நடுவிலும் புகுந்தது. ஆட்கள் அடுத்தடுத்துச் செத்தார்கள். அம்மனுக்குக் கோயில் எழுப்பினால் காய்ச்சல் விலகும் என்று தொழிலாளர்கள் துரையிடம் போய் நின்றார்கள். அவரும் சம்மதித்தார். அந்த நன்றிக்குத்தான் கூரையில் அவருக்கும் இடம் கிடைத்தது என்று வழிவழியாகச் சொல்கிறார்கள்.

அந்த மனிதர்களை நான் ஒருபோதும் குறைத்துப் பேச மாட்டேன். அந்தக் காய்ச்சலின் கிருமியை மனிதரிடமிருந்து பிரித்தெடுத்துக் காட்டியதே 1933இல்தான். மருத்துவர்களே கையைப் பிசைந்துகொண்டிருந்த காலத்தில், தெரிந்த ஒரே வழியை அவர்கள் பற்றிக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் வழிவந்த நாம் ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். கோயில் கட்டாத ஊர்களில் காய்ச்சல் என்ன ஆயிற்று? அங்கும்தான் அடங்கியது. இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்துவிட்டு அங்கேயும் தணிந்தது. ஒன்றைச் செய்தோம், பிறகு நல்லது நடந்தது என்றால், செய்ததே காரணம் என்று மனம் உடனே முடிச்சுப் போட்டுவிடுகிறது. செய்யாத இடத்தில் என்ன நடந்தது என்று போய்ப் பார்க்காதவரை அந்த முடிச்சு அவிழாது.

இப்படிக் கேள்வி கேட்கச் சொன்ன பெரியார், 1929 டிசம்பரில் மனைவி நாகம்மையாரோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு வந்தார். அதே மாதம் ஈப்போவில் தமிழர் மாநாட்டைத் தொடங்கிவைத்தார். சாதியை எதிர்த்துக் குரல் கொடுத்த செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு நடந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. கடல் தாண்டினால் சாதி கெடும் என்று நம்பிய ஊர்களிலிருந்து வந்தவர்கள்தான் நம் தோட்டத்து மக்கள். கப்பல் தளத்தில் ஒன்றாகப் படுத்து, ஒரே சமையலைச் சாப்பிட்டு வந்தவர்கள், லய வீடுகளில் குடியேறியதும் சாதியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார்கள். விடியுமுன் எல்லாரும் ஒரே பிரட்டில் பெயர் கொடுக்க நின்றார்கள். யார் வெட்டிய ரப்பர் பாலும் ஸ்டோரில் ஒரே தொட்டியில்தான் கலந்தது. மரத்தின் மங்கில் சொட்டிய பாலுக்குத் தீட்டில்லை, வீட்டுச் செம்புத் தண்ணீருக்கு மட்டும் தீட்டு என்றால் அது எந்தக் கணக்கு? அன்றாடம் கண்முன்னே பொய்த்துப்போன ஒரு நம்பிக்கையைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தார்கள். சாமியைப் பற்றிப் பெரியார் சொன்னதை ஏற்காதவர்கள்கூட இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒருவர் தன்னைப் பற்றியே வைத்திருக்கும் நம்பிக்கையைக் கேள்வி கேட்பது இதைவிடக் கடினம். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் தோட்டத் துண்டாடல் நடந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைக் கூறுபோட்டு விற்க, குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. தோட்டம் துரையுடையது, உளி மட்டுமே நம்முடையது என்ற எண்ணம் அவர்கள் எலும்புவரை ஊறியிருந்தது. சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ.தி. சம்பந்தன் லயம் லயமாகப் போய், மாதம் பத்து வெள்ளி கட்டுங்கள், தோட்டத்தை நாமே வாங்கலாம் என்றார். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் பால்மரம் வெட்டியவர்களின் சங்கத்துக்குச் சொந்தமானது. ‘நம்மால் ஆகாது’ என்பதும் ஒரு மூடநம்பிக்கைதான். அதையும் யாராவது சோதித்துப் பார்த்தால்தான் உடைகிறது.

ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. தோட்டத்தை விட்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஈப்போவின் புந்தோங்கிலும் சிலிபினிலும் இருக்கிறார்கள். நம்பிக்கைகள் இப்போது வாட்ஸ்அப்பில் வருகின்றன. டெங்கி பரவும்போதெல்லாம் பப்பாளி இலைச் சாறு பற்றிய செய்தி குடும்பக் குழுவுக்குள் வந்து விழும். பாட்டி உடனே தோட்டத்து ஞாபகத்தில் இலை பறிக்கக் கிளம்புவார். படித்த பேரன் மூடத்தனம் என்று சிரிப்பான். என்னைப் பொறுத்தவரை இருவரும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள். பாட்டி கேட்டதை நம்புகிறார், பேரன் கேட்டதை ஒதுக்குகிறான். இருவரும் சோதிக்கவில்லை. நான் சொல்கிறேன் என்பதற்காக நம்பாதீர்கள் என்று பெரியார் மேடைதோறும் சொன்னார். பகுத்தறிவுக் குடும்பம் என்று பெருமைப்படும் வீடுகள் முதலில் மறந்தது அதைத்தான்.

இந்த இலையைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். டெங்கி கண்ட 228 பேரை மலேசிய ஆய்வாளர்கள் இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சையோடு மூன்று நாள் பப்பாளி இலைச் சாறு. மற்றப் பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். சாறு குடித்தவர்களுக்கு ரத்தத் தட்டணுக்கள் வேகமாக ஏறின. 2013இல் முடிவு வெளியானது. பேரன் சிரித்திருக்கக் கூடாது. அதற்காகப் பாட்டி வென்றுவிட்டார் என்றும் ஆகாது. தட்டணு ஏறியதைத்தான் அந்த ஆய்வு காட்டியது. சாறு மட்டும் உயிரைக் காக்கும் என்று அது சொல்லவில்லை. அந்தச் சாற்றைக் குடித்தவர்கள் எல்லாரும் ஆஸ்பத்திரியில் டாக்டர்களின் கண்காணிப்பில் இருந்தபடிதான் குடித்தார்கள்.