பிளேன்காரர் வீடு: ஏட்டின் கணக்கும் ஊரின் கணக்கும்

தேவதானத்தில் எங்கள் வீட்டுக்குப் 'பிளேன்காரர் வீடு' என்று பெயர். கதவு எண், தெருப்பெயர் எதுவும் வேண்டியதில்லை. ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்து இறங்கி, பிளேன்காரர் வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கையைக் காட்டிவிடும். பிளேன்காரர் என்பது என் தாத்தாவுடைய அண்ணன். இரண்டாம் உலகப்போரில் பிளேன் பட்டாளத்துக்குப் போனவர். பர்மாவில் குண்டு போட்டார், ஒருதரம் நச்சாடை தவிர்த்தருளிய சாமி கோயில் கோபுரத்தைச் சுற்றி வட்டமடித்துவிட்டுப் போனார் என்பது எங்கள் தெருவின் வரலாறு.

அவருடைய தகரப்பெட்டியில் கிடைத்த டிஸ்சார்ஜ் தாளின்படி அவர் ஃபிட்டர். எஞ்சினைக் கழற்றி மாட்டுகிறவர். பைலட் அல்ல.

இதைச் சொன்னதற்காகச் சித்தப்பா என்னோடு எட்டு மாதம் பேசவில்லை. "நாலு எழுத்து படிச்சிட்டா சொந்தத் தாத்தாவையே மெக்கானிக்கா ஆக்கிருவியாப்பா?" என்று கல்யாண வீட்டில், பந்தியில் வைத்துக் கேட்டார். அந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏனென்றால் அது துல்லியம் பற்றிய கேள்வி மட்டுமல்ல. மேலத்தெருவில் செருப்புப் போட்டு நடக்கமுடியாத காலத்தில் எங்கள் தெருவிலிருந்து ஒருத்தர் ஆகாயத்தில் போனார் என்பது, அறுபது எழுபது வருசமாக எங்கள் ஆட்கள் நிமிர்ந்து நிற்பதற்குப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு கம்பு. அதைப் போய் ஒரு தாளை வைத்துக்கொண்டு நான் பிடுங்குகிறேன் என்பதுதான் சித்தப்பாவின் குற்றச்சாட்டு.

கணக்கைப் பார்ப்போம். இந்திய விமானப்படை 1932 அக்டோபர் 8 அன்று சட்டப்படி உருவானது. 1933 ஏப்ரலில் கராச்சியில் முதல் ஸ்குவாட்ரன் தொடங்கியபோது இருந்தவர்கள் கைவிரல்விட்டு எண்ணக்கூடிய ஆபீசர்களும் 19 'ஹவாய் சிப்பாய்'களும்தான். போர் முடிகிறபோது 28,500 பேர். அதில் ஆபீசர்கள் ஏறத்தாழ 1,600. அதாவது பதினெட்டுப் பேரில் பதினேழு பேர் ஆபீசர் அல்லாதவர்கள்: ஃபிட்டர், ஆர்மரர், வயர்லெஸ்காரர், கிளார்க், டிரைவர், சமையல்காரர். இன்று ஆர்வலர்கள் சொந்தக் காசையும் நேரத்தையும் போட்டு இணையத்தில் தொகுத்து வைத்திருக்கிற பட்டியல்களைப் பாருங்கள் (அவர்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை). ஆபீசருக்கு எண், கமிஷன் பெற்ற தேதி, ஸ்குவாட்ரன், புகைப்படம் எல்லாம் உண்டு. ஏர்மேன் போரில் செத்திருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் பட்டியலில் ஒரு வரி கிடைக்கும். கல்லறை இல்லாமல் போனவர்களுக்கு சிங்கப்பூர் கிராஞ்சியில் உள்ள நினைவுச்சுவரில் பெயர் இருக்கும். ஆனால் பிழைத்து ஊர் திரும்பி, ராஜபாளையத்தில் மில்லில் ஃபிட்டராகச் சேர்ந்து, பிள்ளைகுட்டி பெற்று, நெஞ்சுவலியில் செத்தவருக்கு? தேடினால் ஒன்றும் வராது. ஏடு என்பது முதலில் ஆபீசரையும் இரண்டாவதாகப் பிணத்தையும் நினைவு வைத்துக்கொள்கிறது.

பிரிட்டனில் 2022 முதல் பாதுகாப்பு அமைச்சகத்தின் பழைய பணிப்பதிவுகளைத் தேசிய ஆவணக்காப்பகத்துக்கு மாற்றி வருகிறார்கள். ஏறத்தாழ 97 லட்சம் கோப்புகள். அதில் எங்கள் தாத்தா இல்லை, இருக்கவும் மாட்டார். பழைய இந்தியப் படைகளின் சாதாரணச் சிப்பாய்களுடைய பதிவுகள் விடுதலையோடு இங்கேயே தங்கிவிட்டன. பஞ்சாபுக்கு ஒரு அதிர்ஷ்டம் அடித்தது: முதல் உலகப்போரில் ஊர்வாரியாக யார் யார் போனார்கள் என்று எழுதிய பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்து, 3,20,000 பெயர்களோடு 2021 முதல் இணையத்தில் ஏறின. மதராஸ் மாகாணத்துக்கு அப்படி ஒன்று வெளியில் வரவில்லை. 'போர்க்குணம் உள்ள இனம்' என்ற வெள்ளைக்காரனின் இனவாத அளவுகோலில் மதராசிக்கு மதிப்பெண் குறைவு. மதராஸ் ரெஜிமென்டையே 1920களில் கலைத்துவிட்டு, ஜப்பான்காரன் நெருங்கும் நேரத்தில், 1941இல், மறுபடி உண்டாக்கினார்கள். யாருக்கு ஏடு உண்டு, யாருக்கு இல்லை என்பது கறையான் தீர்மானித்த விஷயம் மட்டுமல்ல.

இனி இருக்கிற தாளுக்கு வருவோம். ஒரு தாள் எப்படிப் பொய் சொல்லும் என்பதைத் தாத்தாவின் டிஸ்சார்ஜ் தாளில்தான் நான் கற்றுக்கொண்டேன். முதலில் பெயர். அவர் பெயரில் ஒரு 'ழ' உண்டு. ஆங்கிலத் தாளில் அது 'எல்'. ரேஷன் கார்டில் 'இசட் எச்'. மில்லில் கொடுத்த அட்டையில் வெறும் 'இசட்'. நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. படிவத்திலோ 'சர்நேம்' என்று ஒரு கட்டம் இருக்கும். எழுதுகிற கிளார்க் அந்தக் கட்டத்தில் அப்பா பெயரை எழுதுவார், ஆக மகனை அப்பா பெயரில்தான் அகரவரிசையில் தேடவேண்டும். இன்னொரு கிளார்க் முன்னெழுத்தை விரித்து எழுதாமல் அப்படியே விட்டிருப்பார். ஒரே ஆள், மூன்று இடத்தில் மூன்று ஆள்.

அடுத்தது ஊர். தாளில் 'ராம்நாட் ஜில்லா, ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா' என்று இருக்கிறது. 1910இல் ராமநாதபுரம் மாவட்டம் உருவாவதற்கு முன் எங்கள் பக்கம் திருநெல்வேலியில் இருந்தது. 1985இல் ராமநாதபுரத்தைப் பிரித்துக் காமராசர் மாவட்டம் ஆனோம். 1997இல் தலைவர்கள் பெயர்களை எடுத்தபோது விருதுநகர் மாவட்டம். தாலுகாவோ இப்போது ராஜபாளையம். நாங்கள் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தோம், எல்லைகள்தான் எங்கள் மேல் ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருந்தன. மூன்றாவது வயது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்ட வயது, ஆள் எடுக்கிறவரிடம் சொன்ன வயது, பாட்டி அமாவாசைக் கணக்கில் சொன்ன வயது, மூன்றும் வேறு.

பெரிய பாட்டி உயிரோடு இருந்தபோது, இரண்டாம் உலகப்போர் வீரர்களுக்கும் விதவைகளுக்கும் தமிழக அரசு தரும் மாத உதவிக்கு மனுப் போட்டோம். எழுத்தை எழுத்தாகப் பார்த்த ஒரு அலுவலகத்தில், 'எல்' போட்ட ஆளும் 'இசட் எச்' போட்ட ஆளும் ஒருவர்தான் என்பதற்குச் சான்று கேட்டார்கள். சான்று வாங்கிப் போனால் மாவட்டம் ஒத்துவரவில்லை. அதையும் சரிசெய்து போனபோது தேதி. பாட்டி கடைசியாகச் சொன்னது: "அந்த மனுசன் பேரை நான் வாயால சொன்னதே இல்ல. இப்ப ஊர் பூரா அதுக்கு எழுத்துக் கூட்டுறீங்க." 2009இல் செத்துப்போனாள். பணம் வரவேயில்லை.

நம்முடைய சிற்றிதழ் வட்டாரத்தில் ஒரு சொகுசான வாதம் உண்டு. எல்லாமே பிரதி, எல்லாமே கதையாடல், ஆவணமும் புனைவுதான், ஆகவே பாட்டி சொல்வதும் சரி, ஏடு சொல்வதும் சரி என்று முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். தெரிதாவையும் ஃபூக்கோவையும் அரைகுறையாகப் படித்ததால் வந்த வியாதி இது (நானும் அதில் கொஞ்சகாலம் படுத்திருந்தேன்). 'எல்'லுக்கும் 'இசட் எச்'சுக்கும் நடுவில் ஒரு கிழவியின் கஞ்சி இருக்கிறபோது, இரண்டும் பிரதிதான் என்று சொல்ல நா எழவில்லை. துல்லியம் நமக்குத் தேவை. ஆனால் யாரிடம் துல்லியம் கேட்கிறோம், யாரிடம் கேட்காமல் விடுகிறோம் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஏனென்றால் பைலட்டுகளிடம் யாரும் இவ்வளவு துல்லியம் கேட்டதில்லை. 1940 செப்டம்பர் 15 அன்று ஒரே நாளில் 185 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாக பிரிட்டன் அறிவித்தது. போருக்குப் பின் ஜெர்மன் ஏடுகளை எடுத்துப் பார்த்தால் உண்மையான இழப்பு ஏறத்தாழ 60. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அடுத்த குண்டு நமக்குத்தான் என்று பட்டணமே மூட்டை கட்டிய நாட்கள் அவை. அங்கேயும் சுட்டு வீழ்த்தியதாகச் சொன்ன எண்ணிக்கை இருபதை ஒட்டி. ஜப்பானியக் கணக்கில் பத்துக்கும் கீழே. பொய் சொன்னார்கள் என்றில்லை. ஒரே விமானத்தை இரண்டு பேர் சுட்டிருப்பார்கள், இரண்டு பேரும் எழுதுவார்கள். புகை கக்கிக்கொண்டு மேகத்துக்குள் போனது விழுந்ததாகத்தான் தோன்றும். முதல் உலகப்போரில் பறந்த வங்காளி இந்திர லால் ராய், 1918 ஜூலையில் சில நாட்களுக்குள் 10 வெற்றிகள் பெற்று அதே மாதம் 22ஆம் தேதி செத்தார். அந்தப் பத்தில் மற்றவர்களோடு பங்கிட்டவை உண்டு, 'கட்டுப்பாடு இழந்து கீழே போனது' என்று எழுதியவையும் உண்டு. அன்றைய விதிப்படி அதெல்லாம் வெற்றிதான். அவர் வீரத்தில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆபீசரின் கண்ணுக்குத் தட்டுப்பட்டது வெற்றியாக ஏட்டில் ஏறுகிறது, எங்கள் பாட்டியின் வாய்ச்சொல்லுக்குத்தான் அட்டெஸ்டட் காப்பி கேட்கிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

அப்படியானால் கோபுரத்தைச் சுற்றிய பிளேன்? இதில் நான் வெகுநாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கயத்தாற்றில் போர்க்காலத்தில் போட்ட ஓடுதளம் ஒன்று இன்றும் கிடக்கிறது. அங்கிருந்து ஆகாயத்தில் எங்கள் மலையடிவாரம் ரொம்ப தூரமில்லை. ஏதோ ஒரு பிளேன் தாழப் பறந்து வந்து திரும்பியிருக்கலாம். பார்த்தவர்கள் பலர் இருந்தார்கள், பொய் சொல்லும் ஆட்கள் அல்ல. அந்த நேரத்தில் எங்கள் தெருவுக்குத் தெரிந்த ஒரே பிளேன்காரர் என் தாத்தா. பிளேனை அவரிடம் கொடுத்துவிட்டார்கள்! இத்தாலியின் டெர்னி நகரத்தில் 1949இல் நேட்டோவை எதிர்த்த ஊர்வலத்தில் லூயிஜி ட்ராஸ்டுல்லி என்ற தொழிலாளியைப் போலீஸ் கொன்றது. வாய்மொழி வரலாற்றாளர் அலெஸ்ஸாண்ட்ரோ போர்த்தெல்லி போய்க் கேட்டபோது பலர் அந்தச் சாவை 1953இல் நடந்த ஆட்குறைப்புப் போராட்டத்தில் கொண்டுபோய் வைத்துச் சொன்னார்கள். தேதி தவறு. ஆனால் ஏன் எல்லோரும் ஒரே திசையில் தவறுகிறார்கள் என்று கேட்டார் அவர். அந்தத் தவறுக்குள் தோற்றுப்போன ஒரு தொழிலாளர் வர்க்கத்தின் மானம் இருந்தது. தவறைத் தவறு என்று நிறுவிய பிறகுதான் அந்தக் கேள்வியே எழமுடியும் என்பதை நம் ஆட்கள் கவனிப்பதில்லை. 1949ஐ விட்டுக்கொடுத்திருந்தால் 1953க்கு அர்த்தமே இல்லை.

பிழையும் தானாக வளர்கிறது. ஒரு பட்டியலில் 1943இல் இறந்த ஏர்மேனுக்கு 'ராயல் இந்திய விமானப்படை' என்று போட்டிருந்தது. 'ராயல்' என்ற அடைமொழி 1945 மார்ச்சில் கொடுத்தது, 1950இல் போய்விட்டது. பின்னால் உட்கார்ந்து எழுதிய யாரோ ஒருவரின் கை அது. அதைப் பார்த்து எழுதியவர், அவரைப் பார்த்து எழுதியவர் என்று நாலு இடத்தில் வந்துவிட்டால் நாலு சான்று இருப்பதாக ஆகிவிடுகிறது. நாலும் ஒரே கிணற்றுத் தண்ணீர். எண்ணில் மூன்று எட்டாகும், ஒன்று ஏழாகும். மூலத்தின் படம் கையில் இல்லாதபோது சண்டை போட்டுப் புண்ணியமில்லை.

நானே ஒரு சண்டை போட்டிருக்கிறேன். செத்தவர்கள் பட்டியல் ஒன்றில் 'தேவதானம்' என்ற ஊரோடு ஒரு பெயரைப் பார்த்ததும் எங்கள் ஊர்க்காரர் என்று துள்ளினேன். சென்னையில் இருக்கும் ஒரு ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர், இந்த விஷயத்தில் மகா பிடிவாதக்காரர், விடவில்லை. "தம்பி, மீஞ்சூர் பக்கத்துல ஒரு தேவதானம் இருக்கு, திருச்சிக்குள்ள ஒண்ணு இருக்கு. கோயிலுக்கு எழுதி வெச்ச நிலம் எல்லாமே தேவதானம்தான். ஜில்லா பேர் இல்லாம எப்படி உங்க ஊருன்னு சொல்றீங்க?" ஆறு மாதம் கடிதத்திலும் போனிலும் மோதினோம். அவர் சொன்னதுதான் சரி. அந்தப் பெயருக்குப் பக்கத்தில் என் நோட்டில் இன்னும் கேள்விக்குறிதான் இருக்கிறது. அந்தக் கேள்விக்குறி எனக்கு உறுத்துகிறது, ஆனால் அதை அழிக்க எனக்கு உரிமை இல்லை.

கேள்விக்குறிகூட இல்லாதவர்கள் எத்தனை பேர். முதல் போருக்குப் பின் வெள்ளைக்காரன் நம் ஊர்களில் பதித்த பளிங்குப் பலகைகளில் இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் செத்தார்கள் என்று எண்ணிக்கை மட்டும் இருக்கும். பெயர் கிடையாது. ஈராக்கில் உள்ள பாஸ்ரா நினைவுச்சின்னத்திலும் இந்தியப் படைகளின் ஆபீசர்களுக்குப் பெயர், சிப்பாய்களுக்கு எண்ணிக்கை. நடுகல்லில் பெயரும் ஊரும் செய்ததும் வெட்டிய நாட்டில் இது நடந்தது. கல்லறை ஆணையமே 2021இல் ஒப்புக்கொண்டது: முதல் போரில் செத்த இந்திய, ஆப்பிரிக்க, எகிப்தியப் படையாட்களில் 45,000 முதல் 54,000 பேர் சமமில்லாத முறையில் நினைவுகூரப்பட்டார்கள், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரே இல்லாமல் விடப்பட்டார்கள். சயாம் ரயில்பாதையில் செத்த 12,000க்கு மேற்பட்ட போர்க்கைதிகளின் பெயர்களை ஒரு நிமிடத்தில் தேடி எடுக்கலாம். அதே பாதையில் செத்த ஆசியக் கூலிகள், மலேயாத் தோட்டங்களிலிருந்து போன நம் ஆட்கள் பலர் உட்பட, ஏறத்தாழ 90,000 பேர் என்று ஒரு மதிப்பீடு இருக்கிறது. வட்டமான எண். வட்டமான எண்ணைப் பார்த்தாலே, உட்கார்ந்து எண்ண யாரும் மெனக்கெடவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

சித்தப்பா மறுபடி பேச ஆரம்பித்தது ஒரு போட்டோவால். பெட்டியின் அடியில் இருந்தது: மூக்குத் திறந்து கிடக்கும் ஒரு பிளேன், அதன்மேல் கையில் ஸ்பானரோடு ஏழெட்டுப் பேர், ஓரத்தில் தாத்தா. "ஒருத்தன் ஓட்ட இத்தனை பேரா?" என்றார். ஆமாம் என்றேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எந்த ஏட்டிலும் இல்லாத ஒன்றைச் சொன்னார். 1946இல் தாத்தா ஊர் திரும்பியபோது பஸ்ஸிலிருந்து இறங்கி, பட்டாளத்து பூட்ஸைக் கழற்றாமல் மேலத்தெரு வழியாகவே நடந்து வீட்டுக்கு வந்தாராம். திண்ணையில் இருந்த யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். இதைச் சித்தப்பா அவர் அப்பாவிடமிருந்து கேட்டது. மேலத்தெருவில் வயதான ஒருவரும் எனக்கு அதையே சொன்னார், கொஞ்சம் சங்கடத்தோடு. இரண்டு பக்கத்துச் சாட்சியும் ஒத்துவருகிறது. என் நோட்டில் கேள்விக்குறி போடாமல் எழுதியிருக்கிறேன்.

போருக்குப் போனவர்கள் பெயரை வெட்டி ஒரு கல் நடலாம் என்று எங்கள் தெருவில் பேச்சு. பதினொரு பெயர் சேர்ந்திருக்கிறது, அதில் நாலு பேருக்குத் தாள் உண்டு. தாள் இல்லாதவர்களைத் தனி வரிசையில் போடவேண்டும் என்கிறேன் நான், சித்தப்பா ஒரே வரிசை என்கிறார். தாத்தா பெயருக்கு நேரே 'ழ' சரியாக வரவேண்டும், சர்வீஸ் எண் வரவேண்டும் என்பதில் மட்டும் எங்களுக்குள் சண்டை இல்லை. கல் வெட்டுகிறவர் எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி சொன்னார். 'ஃபிட்டர்' என்று எழுதிக்கொடுத்த சீட்டைப் பார்த்துவிட்டு, "இந்த மூணு புள்ளிக்கும் தனிக் காசு" என்றார். கொடுத்துவிடலாம் என்றார் சித்தப்பா.